ஏ-யின் பசுவும் பி-யின் தொழுவமும்

ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வாசலில் ஒரு முறம். முறத்தில் வெற்றிலையும் கொட்டைப்பாக்கும். அதைச் சுற்றிக் கம்பளி போர்த்திய நாலைந்து பெரியவர்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பல் துலக்கிக்கொண்டே கதவைத் திறந்த நான் வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

“வாயக் கொப்புளிச்சிட்டு வாங்க சார்,” என்றார் எங்கள் வீட்டுக்காரர் சின்னையன். “அம்மாவையும் கூட்டிக்கினு வாங்க. ரெண்டு பேரும் எதிரெதிர குந்தணும்.”

சின்னையன் எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர். அந்த மலைக் கிராமத்துக்குத் தலைவரான ஊர்க்கவுண்டரும் அவர்தான். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை முற்றினால் அவர் வெற்றிலை வைத்துக் கூப்பிடுவார். கூப்பிட்டால் யாராக இருந்தாலும் வந்து உட்கார்ந்தாக வேண்டும். அந்த வழக்கம் எனக்குத் தெரியும். எங்களுக்குள் என்ன சண்டை என்பதுதான் தெரியவில்லை.

உள்ளே என் மனைவி வசந்தா சாமை அரிசி களைந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“நமக்குள்ள சண்டையா? எப்பங்க?” என்றாள், ஏதோ திருவிழாவைத் தவறவிட்டவள்போல.

நான் எப்படி வக்கீலானேன் என்று எழுதும்படி இந்தத் தொடரின் வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். அந்தக் கதை இந்த முறத்தில்தான் தொடங்குகிறது. அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்ல முடியும். அந்த நாட்கள் அப்படி இருந்தன. ஆனால் அதற்குள் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கறுப்புக் கோட்டு ஆசை

எண்பதுகளின் தொடக்கம். ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் ஒரு மலைப் பள்ளியில் நான் இங்கிலீஷ் வாத்தியார். எம்.ஏ. படித்தவன் என்பதால் தலைமையாசிரியரே என்னிடம் கொஞ்சம் அடங்கித்தான் பேசுவார். வசந்தா போளூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண், பி.ஏ. முடித்திருந்தாள். கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை.

வக்கீலாகும் ஆசை அவளுடையது. அவள் சிறுமியாக இருந்தபோது அவள் அப்பாவுக்கு வரப்புத் தகராறில் ஒரு வழக்கு நடந்தது. கோர்ட்டுக்குச் சாப்பாடு எடுத்துப் போனவள், சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டே வாதங்களைக் கேட்டிருக்கிறாள். அப்பா பசியோடு நின்றது அவளுக்குத் தெரியவே இல்லையாம். “எதிர்க்கட்சி வக்கீலுதான் நல்லா பேசினாரு,” என்று வீட்டுக்கு வந்து சொல்லி அடியும் வாங்கியிருக்கிறாள்.

எனக்கு அப்படி ஆசை எதுவும் இருந்ததில்லை. அவள் படிப்பதைப் பார்த்துத்தான் எனக்கும் வந்தது. பக்கத்தில் ஒருத்தி மாங்காய் தின்றால் நம் வாயில் எச்சில் ஊறுமே, அப்படி.

சட்டக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு. இருவரும் எழுதுவது, இருவரும் தேறுவது, மெட்ராஸில் ஒரு அறை எடுப்பது, ஒரே கொடியில் இரண்டு கறுப்புக் கோட்டு காயப்போடுவது. திட்டம் அவ்வளவுதான். எதைக்கொண்டு குடித்தனம் நடத்துவது என்பது திட்டத்தில் இல்லை.

எடைக்கு வாங்கிய சட்டம்

படிக்கப் புத்தகம் வேண்டுமே. மலையில் அதற்கு எங்கே போவது? போளூரில் பழைய பேப்பர் கடை ஒன்றில் என் அதிர்ஷ்டம் காத்திருந்தது. யாரோ படித்து முடித்து எடைக்குப் போட்டிருந்த பழைய மாதிரி வினாத்தாள்கள், சணல் கயிற்றில் கட்டிக் கிடந்தன. பல வருடத்துத் தாள்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே மலையேறினேன். கொண்டை ஊசி வளைவில் பக்கத்துச் சீட்டுக்காரர் என் மேல் சாய்ந்து, அவர் வைத்திருந்த தேன் பாட்டில் கொஞ்சம் கசிந்து, கடைசி வரை அந்தத் தாள்களில் சில ஒட்டிக்கொண்டே இருந்தன. எறும்புகளும் எங்களோடு சட்டம் படித்தன.

வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தால் கேள்விகள் எல்லாம் இருக்கின்றன. விடைப் பக்கங்கள் மட்டும் இல்லை. ஒவ்வொரு தாளின் கடைசிப் பக்கத்தையும் கடைக்காரர் ஏற்கெனவே கிழித்துப் பொட்டலம் மடிக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

வசந்தா அசரவில்லை. போளூருக்குப் போகும்போதெல்லாம் ஒரே கடையில் வாங்காமல், கடைக்குக் கடை கொஞ்சம் கொஞ்சமாகப் பொட்டலம் வாங்கி வரச் சொன்னாள். மிளகு, சீரகம், பொட்டுக்கடலை, வெந்தயம். வீட்டுக்கு வந்ததும் பொருளைத் தரையில் கொட்டிவிட்டுக் காகிதத்தைத்தான் முதலில் பார்ப்போம். ஒருமுறை நிஜமாகவே வெற்று எண்களாக ஒரு கிழிசல் கிடைத்தது. இருவரும் கைகோத்துக் குதித்தோம். எந்த வருடத்து விடை என்று அதில் இல்லை. ஒவ்வொரு தாளோடும் பொருத்திப் பார்த்தோம். இந்தியாவின் தலைநகரம் மைசூர் என்று ஒரு விடை வந்தபோது அதைக் கைவிட்டோம்.

கடைசிச் சொல்

பிறகு நாங்களே ஒரு முறை வகுத்துக்கொண்டோம். சாயங்காலம் பள்ளி விட்டதும் கடிகாரத்தை நடுவில் வைத்து, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஒரே தாளை எழுதுவோம். பிறகு ஒப்பிடுவோம். விடை ஒன்றாக இருந்தால் சரி. வேறாக இருந்தால் வாதம். தோற்றவர் சுனையில் தண்ணீர் எடுத்து வர வேண்டும். சில நாட்கள் வாதம் முடியவே முடியாது, தண்ணீரும் வராது, சமையலும் நடக்காது. பலாச்சுளையைத் தின்றுவிட்டு மறுபடி வாதாடுவோம்.

யாராவது முடிவு சொல்ல வேண்டுமே? “நீங்கதான் எம்.ஏ., நீங்களே சொல்லுங்க,” என்று வசந்தாதான் சொன்னாள். அவள் அதை விளையாட்டாகச் சொன்னாள். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

என்னிடம் ஒரு சிவப்புப் பென்சில் இருந்தது. முடிவான விடையின் எண்ணைக் கேள்விக்குப் பக்கத்தில் அதைக்கொண்டு எழுதுவேன். சில நாள் கழித்து அதே தாளை மறுபடி எழுதுவோம். சிவப்பு எண் எதுவோ அதுவே இருவருக்கும் வர வேண்டும். வரும்வரை திரும்பத் திரும்ப எழுதுவோம். பழைய கேள்விகள்தான் தேர்வில் திரும்பி வரும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

ஏ எந்த ஊர்?

முறத்துக்கு வருகிறேன். இருவரும் எதிரெதிரே குந்தினோம். சின்னையன் தொண்டையைச் செருமிக்கொண்டு வழக்கை எடுத்து வைத்தார்.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே மண்சுவர். நாலைந்து நாளாகப் பொழுது சாய்ந்தால் போதும், கன்றுக்குட்டி யாருக்கு என்று நாங்கள் இருவரும் கத்துவது அவர் மனைவி குப்பிக்குக் கேட்டிருக்கிறது. வாத்தியார் வீட்டில் மாடு இல்லை. அப்படியென்றால் அது வசந்தாவின் தாய்வீட்டு மாடாகத்தான் இருக்க வேண்டும். தாய்வீட்டு மாடு போட்ட கன்று பெண்ணுக்குத்தான் என்பது அந்த ஊர் வழக்கம். ஆக, வாத்தியார் பேராசைக்காரர்.

“படிச்ச மன்ஷன் நீங்க. பொண்டாட்டி தாய்வூட்டு மாட்டு மேல ஆசப்படலாமா?” என்றார் சின்னையன்.

வசந்தா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் குப்பி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

நான் விளக்கினேன். மாடு எங்களுடையது அல்ல. ஏ என்பவருடையது. அவர் அதைப் பார்த்துக்கொள்ளும்படி பி என்பவரிடம் விட்டுவிட்டு வெளியூர் போயிருக்கிறார். அந்த நேரத்தில் மாடு கன்று போட்டுவிட்டது. கன்று ஏ-க்கா, பி-க்கா? முதல் விடை ஏ, இரண்டாம் விடை பி. இது பரீட்சைக் கேள்வி.

“ஏ எந்த ஊரு?” என்றார் சின்னையன்.

“ஊரெல்லாம் இல்லீங்க. அப்படி ஒரு ஆளே இல்ல.”

“இல்லாத ஆளு மாட்டுக்கா இத்தினி நாளா சண்ட?”

பெரியவர்கள் தலைகளைக் கிட்டே சேர்த்துக் கிசுகிசுத்தார்கள். ஏ யாரோ பெரிய அதிகாரி, சர்க்கார் சம்பளம் வாங்கும் வாத்தியார் அவர் பெயரைச் சொல்லப் பயப்படுகிறார் என்று முடிவுக்கு வந்தார்கள். அதன்பின் யாரும் ஊர் கேட்கவில்லை. ஏ-க்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. “ஏ ஐயா எத்தினி மாசத்துல திரும்பி வந்தாரு?” என்று ஒருவர் பணிவாகக் கேட்டார்.

ஆனால் எதிரும் புதிருமாக ஆள் இல்லாமல் தீர்ப்புச் சொல்ல அவர்களுக்கு மனமில்லை. எனவே ஏ-க்காக வசந்தா பேசுவது, பி-க்காக நான் பேசுவது என்று ஏற்பாடாயிற்று. அதுதான் எங்கள் முதல் வழக்கு. மாடு சினையாக வந்ததா, வந்த பிறகு சினையானதா என்று ஒருவர் கேட்டார். புல்லுக்கு யார் பொறுப்பு என்று இன்னொருவர். வசந்தா எழுந்து நின்றுகொண்டாள். கூந்தல் அவிழ்ந்தது, முடிந்துகொள்ளவில்லை. ஒவ்வொருவர் பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பதில் சொன்னாள். நான் பி-யை மறந்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெயில் ஏறியதும் தீர்ப்பு வந்தது. மாட்டை வளர்க்க விட்டால் முதல் கன்று வளர்த்தவனுக்கு, அடுத்த கன்று மாட்டுக்காரனுக்கு. அதுதான் மலை வழக்கம். எனவே கன்று பி-க்கு. ஊரைக் கூட்ட வைத்ததற்காக ஏ-க்குத் தண்டம் ஒரு சேவல். ஏ வராததால் சேவலை நான் கொடுத்தேன். குப்பி குழம்பு வைத்தாள். ஏ-யின் உபயத்தில் அன்று எல்லோருக்கும் விருந்து.

சிவப்புப் பென்சில்

கைகழுவிவிட்டு உள்ளே வந்ததும் வசந்தா தாளை எடுத்தாள். முகத்தில் இன்னும் அந்த வெளிச்சம் இருந்தது.

“அவங்க சொன்னது வாரத்துக்கு விட்ட மாட்டுக்குங்க. கன்னுல பங்கு பேசி விடறது. கேள்வியில பங்குன்னு ஒரு வார்த்த இல்லியே? பாத்துக்கன்னு தான சொல்லிட்டுப் போனாரு. ஒன்னும் பேசலன்னா கன்னு மாட்டோடதான போவும்?”

அவள் சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் சொன்னதுதான் சரி. சந்தேகமே இல்லை. பின்னாளில் சட்டப் புத்தகத்தில் கிட்டத்தட்ட அவள் வார்த்தைகளிலேயே அதைப் படித்தேன்.

சிவப்புப் பென்சில் என் கையில் இருந்தது. நான் ‘2’ என்று எழுதினேன்.

“ஊர்க்கவுண்டரே சொல்லிட்டாரு, அப்பீல் கிடையாது,” என்றேன்.

அவள் சிரித்தாள். “சரி, அப்ப ரெண்டு.” குடத்தை எடுத்துக்கொண்டு சுனைக்குப் போய்விட்டாள்.

இந்த ஒரு கேள்வியோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அப்படி நிறைய நடந்தது. வாதத்தில் என் பக்கம் கிழிந்து தொங்கும். பென்சிலால் என் எண்ணையே எழுதுவேன். மறுநாள் பள்ளிக்கு நடக்கும்போது அவள் சொன்னதை மனதில் மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். சரியாக இருக்கும். திரும்பிப் போய்ச் சொல்ல மாட்டேன். ஒன்றில் விட்டுக்கொடுத்தால் அடுத்ததிலும் கொடுக்க வேண்டிவரும், அப்புறம் என் எம்.ஏ. என்னாவது? காரணம் அவ்வளவுதான். பெரிய காரணமாக ஒன்று இருந்திருந்தால் இத்தனை வருடம் உறுத்தியிருக்காது.

ஆனால் சரியான விடை தெரிந்த பிறகு அதை மறக்கவும் முடியாதே. ஆக, அந்த மழைக்காலம் முழுவதும் அவள் என் விடைகளை மனப்பாடம் செய்தாள். நான் அவள் விடைகளை மனப்பாடம் செய்தேன்.

வேலூர் வெயில்

தேர்வு வேலூரில். முதல் நாளே மலையிறங்கி வசந்தாவின் அப்பா வீட்டில் தங்கி, காலையில் பஸ் பிடித்தோம். பஸ்ஸில் அவள் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். கண்டக்டரும் சேர்ந்துகொண்டார். பாராளுமன்றத்துக்கு எத்தனை அவை என்ற கேள்விக்கு அவர் பதில் சொன்னதும் பின்சீட்டில் கைதட்டினார்கள்.

மலைக்குளிருக்குப் பழகிய உடம்புக்கு வேலூர் வெயில் அடுப்புக்குள் தலையை விட்டதுபோல இருந்தது. அவளுக்கு ஒரு கூடம், எனக்கு ஒரு கூடம். வினாத்தாளைப் புரட்டினால் எல்லாம் தெரிந்த முகங்கள். இரண்டாம் பக்கத்திலேயே ஏ தன் பசுவோடு நின்றுகொண்டிருந்தார். சிரிப்பு வந்துவிட்டது. மேற்பார்வையாளர் முறைத்தார்.

நான் ‘1’ என்று போட்டேன். கை தயங்கவே இல்லை.

மணியடித்ததும் வசந்தா மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்தாள். செருப்பு ஒன்று கழன்று பின்னால் கிடந்தது. நெற்றிப்பொட்டு வியர்வையில் கரைந்து மூக்குவரை வந்திருந்தது.

“கன்னுக்குட்டிக்கு இன்னா போட்டீங்க?”

“ரெண்டு,” என்றேன்.

“நானும் ரெண்டு.” என் சட்டைக் கையைப் பிடித்து உலுக்கினாள். “எல்லாம் நம்ம கேள்விங்க. ஒன்னு விடாம நம்ம சிவப்புப் பென்சில்தான் போட்டேன். ரெண்டு பேருக்கும் கெடச்சுடும்.”

அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் கோபித்திருப்பாள். அழக்கூடச் செய்திருப்பாள். அடுத்த வருடம் தன் விடைகளைத் தானே எழுதியிருப்பாள். நான் ஆளுக்கொரு ரோஸ்மில்க் வாங்கினேன். அவள் மெட்ராஸில் எந்தப் பக்கம் அறை எடுக்கலாம் என்று பேசிக்கொண்டே குடித்தாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான மத்தியானம் அது.

வராதது

எனக்கு இடம் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை.

என்னைவிட அவள்தான் அதிகம் ஆடினாள். ஊர் முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். கன்றுக்குட்டி வழக்கு ஜெயித்துவிட்டதா என்று சின்னையன் கேட்டார். ஜெயித்துவிட்டது என்றாள். ஏ ஐயா சேவலுக்கு உண்டான கடனைத் தீர்த்தாரா என்று அவர் கவலைப்பட்டார்.

தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு அவளே ஒரு விளக்கம் கண்டுபிடித்தாள். கேள்விகளுக்கு இருவரும் ஒரே விடைதான் போட்டோம். அப்படியென்றால் தேர்வில் கடைசியாக எழுதிய இங்கிலீஷ் கட்டுரையில்தான் அவளுக்கு மதிப்பெண் போயிருக்கிறது. அடுத்த வருடம் விண்ணப்பம் வந்தபோது, மறுபடி எழுதிப் பாரேன் என்றேன். பலமாகச் சொல்லவில்லை. “வேணாங்க. அது எனக்கு வராது,” என்று சொல்லி, என் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

மலையை விட்டு வந்துவிட்டோம். சட்டப் படிப்பு முடிந்ததும் போளூரில் பலகை மாட்டினேன். வரப்பு, கிணறு, பாகப்பிரிவினை என்று வழக்குகள் வந்தன. சாப்பிடும்போது அவளிடம் சொல்வேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டே ஏதாவது கேட்பாள். மறுநாள் கோர்ட்டில் நான் அதைக் கேட்பேன். கெட்டிக்கார வக்கீல் என்று பெயர் வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் வசந்தா சிரித்துக்கொண்டு சொல்வாள்: “நானும்தான் எழுதினேன். எனக்கு வர்ல.” ஒவ்வொரு முறையும் நான் காப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன மாதம்

இந்த அத்தியாயத்தை எழுதத் தொடங்குமுன் அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, பென்சிலிலிருந்து ரோஸ்மில்க் வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. ஒரு கேள்வியா, ரெண்டு கேள்வியா என்று கேட்டாள்.

“நெறய,” என்றேன்.

இன்னும் கொஞ்சம் மொச்சை உரித்தாள். பூச்சி அரித்த ஒன்றைத் தனியே எடுத்துப் போட்டாள்.

“அப்பவே சொல்லியிருந்தா இன்னொரு வாட்டி எழுதியிருப்பேன்,” என்றாள்.

 

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வெகுநேரம் கழுவினாள். வந்து உட்கார்ந்ததும், இதைப் பத்திரிகையில் போடப்போகிறீர்களா என்றாள். வேண்டாம் என்றால் போடவில்லை என்றேன்.

“போடுங்க. அந்த மாடு யாருதுன்னு நான் அப்பவே கரெக்டா சொன்னேன்னு பெரிசா போடுங்க. ஆனா பாவம் கீவம்னு என்னப் பத்தி ஒரு வார்த்த எழுதக் கூடாது. எழுதினீங்க, உங்க மேல கேஸ் போடுவேன்.”

“எந்த வக்கீல வெச்சு?”

“வக்கீலு எதுக்கு? நானே பேசுவேன்.”